ராஜராஜன் யார் வீட்டுப் பிள்ளை?

வாசகர் கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

திருக்கோவிலூருக்கு அருகே ஒரு சிற்றூரில், ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். நான்காம், ஐந்தாம் வகுப்புகள் இரண்டையும் ஒரே அறையில் வைத்து நடத்துகிறேன். மொத்தம் 34 பிள்ளைகள். தமிழும் கணக்கும் எனக்குத் தடையில்லாமல் வரும். வரலாறு என்றால்தான் வாசித்துக் காட்டி, அடிக்கோடு போடச் சொல்லி, வினா விடை எழுதிப் போட்டு முடித்துவிடுகிறேன். சென்ற மாதம் சோழர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் எழுந்து, "டீச்சர், காந்தித் தாத்தா ராஜராஜ சோழனைப் பார்த்திருக்கிறாரா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. சிரித்தவர்களிடம் திருப்பிக் கேட்டால் அவர்களுக்கும் விடை தெரியவில்லை.

அன்று மதியம் சாப்பாட்டு வேளையில் சண்டை வந்துவிட்டது. "ராஜராஜன் எங்கள் ஆள், எங்கள் தெரு பேனரில் படம் போட்டிருக்கிறது" என்றான் ஒருவன். "இல்லை, எங்கள் ஆள்" என்று தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தான் இன்னொருவன். இருவரையும் பிரித்து உட்கார வைத்தேன். பிறகு ஒரு பெண் பிள்ளை என் பக்கத்தில் வந்து நின்று, "டீச்சர், எங்கள் தெருவுக்கு ராஜா யாரும் இல்லையா?" என்று கேட்டாள். எனக்குப் பேச்சு வரவில்லை. "சாப்பிடு, மணி அடித்துவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தக் கேள்வி இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. அலுவலர் வந்தால் நோட்டில் வினா விடை இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார். நான் என்னதான் செய்ய வேண்டும்?

பதில்

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். தொடக்கப் பள்ளியில் 11 ஆண்டுகளும், பிறகு ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் 22 ஆண்டுகளும் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். வரலாற்று வகுப்பில் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள் என்று எழுதும் ஆசிரியர்களே அதிகம். உங்கள் வகுப்பில் நான்கு பிள்ளைகள் மூன்று பெரிய கேள்விகளோடு எழுந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு வரலாறு வேண்டியிருக்கிறது. அதனால் மனம் தளராதீர்கள்.

முதலில் காந்தியைக் கேட்ட பையன். அவன் மனத்தில் 'அந்தக் காலம்' என்று ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. பாட்டி கதையில் வரும் ராஜா, காலண்டரில் இருக்கும் காந்தி, பேனரில் வாளோடு நிற்கும் ராஜராஜன் எல்லாரும் அந்த ஒரே வீட்டில் குடியிருக்கிறார்கள். 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்' என்று நாம் சொல்வது ஒன்பது வயதுப் பிள்ளையின் காதில் 'ரொம்ப நாளைக்கு முன்னால்' என்றுதான் விழும். ஆயிரம் என்று எழுதத் தெரியும், அதன் நீளம் தெரியாது. அந்த நீளத்தைக் காலால் நடந்து பார்க்க வைக்க வேண்டும்.

நாளைக் காலை இறைவணக்கம் முடிந்ததும் 34 பேரையும் மைதானத்தில் ஒரே வரிசையாக நிறுத்துங்கள். ஒரு கோடியில் இருக்கும் வேப்பமரம் ராஜராஜன், மறுகோடியில் இருக்கும் கொடிக்கம்பம் காந்தி. ராஜராஜன் இறந்தது 1014. காந்தி பிறந்தது 1869. நடுவில் 855 ஆண்டுகள். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் வயது வித்தியாசம் சுமார் 25 என்று வைத்தால், 34 பேர் நிற்கும் வரிசை 850 ஆண்டுகள். உங்கள் வகுப்பு முழுவதும் கைகோத்து நின்றால்தான் அந்த இடைவெளி நிரம்புகிறது! ஒவ்வொரு பிள்ளையும் பக்கத்துப் பிள்ளைக்கு அம்மா, அடுத்த பிள்ளைக்குப் பாட்டி, அதற்கடுத்த பிள்ளைக்குக் கொள்ளுப்பாட்டி. கேள்வி கேட்ட பையனையே மரத்தடியிலிருந்து கொடிக்கம்பம் வரை நடந்து வரச் சொல்லுங்கள். பார்த்திருப்பாரா, மாட்டாரா என்று நீங்கள் சொல்லவே வேண்டாம்.

வரிசையை உடனே கலைத்துவிடாதீர்கள். மரத்தடியில் நிற்கும் பிள்ளையின் காதில் ஒரு செய்தியைச் சொல்லுங்கள். கொஞ்சம் நீளமாக, ஊர்ப் பெயரும் எண்ணும் கலந்ததாக இருக்கட்டும்: "தஞ்சாவூர்க் கோயில் வேலைக்கு நானூறு பேர் வந்தார்கள், ஆளுக்கு நூறு கலம் நெல்." அது காது காதாகக் கடந்து கொடிக்கம்பத்துக்கு வந்து சேரும்போது நானூறு நாலாகியிருக்கும், நெல் பல்லாகியிருக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிப்பு அடங்கியதும் கேளுங்கள்: செய்தி மாறாமல் வந்து சேர என்ன செய்திருக்க வேண்டும்? "எழுதி வைத்திருக்க வேண்டும் டீச்சர்" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். நான் நடத்திய வகுப்புகளில் ஒருமுறைகூட அந்தக் குரல் வராமல் போனதில்லை.

அந்தக் குரல் வந்த பிறகு பாடநூலைத் திறவுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் சுவரில் ராஜராஜன் அதைத்தான் செய்திருக்கிறான். நாம் கொடுத்ததையும், நம் அக்கன் கொடுத்ததையும், நம் பெண்டுகள் கொடுத்ததையும், மற்றவர்கள் கொடுத்ததையும் கல்லிலே வெட்டுக என்பது அவன் ஆணை. அக்கன் என்றால் அக்காள் குந்தவை. தம்பி தன் கணக்கோடு அக்காவின் கணக்கையும் சேர்த்து எழுதச் சொன்னான் என்றதும் பெண் பிள்ளைகளின் முகம் மலர்வதைப் பாருங்கள்.

வரிசை அன்றோடு கலைந்துவிடும். அடுத்த கிழமை ஒரு கயிறு வாங்குங்கள். ஓர் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர். இன்றைய நாளில் ஒரு முடிச்சு. அதிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் தள்ளி ஒரு சிவப்பு நூல், நான்காம் வகுப்புப் பிள்ளைகள் பிறந்த இடம். உங்கள் வகுப்பில் ஒருவரும் நேரில் பார்க்காத சுனாமி (2004) இருபது சென்டிமீட்டருக்குச் சற்றுத் தள்ளி. நாடு விடுதலை பெற்ற 1947 ஒரு மீட்டருக்குள்ளேயே இருக்கிறது. காந்தி பிறந்தது ஒன்றரை மீட்டரைக் கொஞ்சம் தாண்டி. பெரிய கோயில் எழுந்து நின்ற 1010-க்குப் பத்து மீட்டர் போக வேண்டும், கயிறு வகுப்பறையை விட்டு வெளியே வந்துவிடும். கீழடியில் எடுத்த பொருள்களில் மிகப் பழையது சுமார் 2600 ஆண்டு என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019-இல் அறிக்கை வெளியிட்டது, அதற்கு 26 மீட்டர். திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கோடரிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழமையானவை என்று கணித்திருக்கிறார்கள். அதற்கு எத்தனை கயிறு வேண்டும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளையே கணக்குப் போடச் சொல்லுங்கள். 15 கிலோமீட்டர். பஸ்ஸில் டிக்கெட் எடுத்துப் போகிற தொலைவு! கணக்கு உங்களுக்கு நன்றாக வரும் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தக் கணக்கே வரலாற்றுக்குள் போகும் வாசல்.

கயிற்றில் முதல் ஒரு மீட்டரை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். அது பிள்ளைகள் தொட்டுப் பார்க்கக்கூடிய வரலாறு. அவர்கள் கையில் பிடித்திருக்கும் சாப்பாட்டுத் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை உணவுத் திட்டம் 2022-இல் வந்தது. சத்துணவு 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்கு முன்னால் காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956-இல் மதிய உணவு. அதற்கும் முன்னால் 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுப் பார்த்தது. நூறு ஆண்டுகளுக்கு மேல் நீளும் வரலாறு ஒரு தட்டுச் சோற்றில் இருக்கிறது. "நீங்கள் படித்த பள்ளியில் மதியம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்ற ஒரு கேள்வியோடு பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புங்கள். கோதுமை உப்புமா, மக்காச்சோளக் கஞ்சி, பால்பவுடர் என்று பதில்கள் வரும். "நான் பள்ளிக்கூடமே போகவில்லை" என்றும் வரும். அதையும் எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். ஏன் போகவில்லை என்ற அடுத்த கேள்விக்கு எந்தப் பாடநூலிலும் இல்லாத விடைகள் அந்த ஊரில் இருக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும், நான் செய்த தவற்றிலிருந்து சொல்கிறேன். தொடக்க காலத்தில் வேலை பார்த்த ஒரு பள்ளியில், குடும்ப மரம் வரைந்து வரச் சொல்லி வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா என்று எல்லாரும் வண்ணம் தீட்டிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் மட்டும் தாளின் நடுவில் ஒரே ஒரு வட்டம் போட்டு, அதற்குள் தன் பெயரை எழுதியிருந்தாள். சுற்றிலும் ஒன்றுமில்லை. அவளை ஓர் உறவினர் வீட்டில் விட்டுவிட்டுப் போன கதை எனக்கு அதற்குப் பிறகுதான் தெரியும். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டது. அதன் பிறகு நான் 'உன் பாட்டி' என்று கேட்பதில்லை. 'உனக்குத் தெரிந்த வயதானவர் ஒருவர்' என்றுதான் கேட்பேன். கடைக்காரப் பாட்டியாக இருக்கலாம், சத்துணவு ஆயாவாக இருக்கலாம். செங்கல் சூளைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகள் உங்கள் பகுதியில் இருப்பார்கள், அவர்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி உங்கள் ஊர். நீங்கள் எந்த மண்ணில் பாடம் நடத்துகிறீர்கள் என்று நினைத்துப் பார்த்தீர்களா? கடையெழு வள்ளல்கள் என்று பெயர்களை ஒப்பிக்க வைக்கிறோம். பேகன், பாரி, காரி, ஆய், அதியமான், நள்ளி, ஓரி. அதில் காரி உங்கள் ஊர்க்காரன்! மலையமான் திருமுடிக்காரி ஆண்ட கோவலூர்தான் இன்றைய திருக்கோவிலூர். தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சி அந்தக் கோவலூரின் மேல் படையெடுத்து வென்றான் என்று ஒளவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதே காரிதான் கொல்லிமலை ஓரியைக் கொன்றவன். வள்ளல்கள் ஏழு பேரும் மாலை போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் என்று நினைத்திருந்த பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

முல்லைக்குத் தேர் கொடுத்த கதையையும் மயிலுக்குப் போர்வை கொடுத்த கதையையும் சொல்லும்போது, "மயில் போர்வையை வைத்து என்ன செய்யும் டீச்சர்?" என்று நிச்சயம் யாராவது கேட்பார்கள். அந்தப் பிள்ளையை அடக்கிவிடாதீர்கள். இது புலவர் பாட்டில் இருக்கிறது, பரிசு பெற வந்த புலவர் கொஞ்சம் கூட்டியும் பாடுவார் என்று சொல்லுங்கள். அப்படியானால் அதியமான் என்று ஒருவன் உண்மையிலேயே இருந்தானா, அவனும் பாட்டில் மட்டும்தானா? அந்தக் கேள்வி எழுந்ததும் பிள்ளைகளை ஜம்பைக்கு அழைத்துப் போங்கள்.

தென்பெண்ணைக் கரையோரம் இருக்கும் ஜம்பையில் ஒரு குகைப் பாறையில் தமிழி (தமிழ் பிராமி) எழுத்தில் ஒரே வரி வெட்டியிருக்கிறது. 'ஸதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பாளி.' அதியன் நெடுமான் அஞ்சி கொடுத்த தங்குமிடம் என்பது அதன் பொருள். 1981-இல்தான் கண்டுபிடித்தார்கள். முன்னால் இருக்கும் 'ஸதியபுதோ' என்ற சொல் இன்னொரு கதவைத் திறக்கிறது. அசோகர் தம் கல்வெட்டுகளில் தெற்கே உள்ளவர்களாகச் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோரோடு சத்தியபுத்திரர் என்றும் சொல்கிறார். அவர்கள் யார் என்று அறிஞர்கள் பல காலம் வாதாடினார்கள். விடை உங்கள் பக்கத்துப் பாறையில் இருந்திருக்கிறது. பாட்டில் இருந்த பெயர் கல்லிலும் இருக்கிறது என்பதை ஒரு பிள்ளை தன் கண்ணால் பார்த்துவிட்டால், 'எப்படித் தெரியும்?' என்ற கேள்வியை அது வாழ்நாள் முழுவதும் விடாது. என்னைக் கேட்டால், தொடக்கப் பள்ளியில் வரலாறு என்று கற்றுக்கொடுக்க வேண்டியது முதலில் அந்தக் கேள்வியைத்தான். ஆண்டுகளும் பெயர்களும் பின்னாலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

போவதற்கு இரண்டு நாள் முன்பாகக் கரும்பலகையில் சில தமிழி எழுத்துகளைப் போட்டுக் காட்டுங்கள். 'க' என்பது கூட்டல் குறி. 'ர' என்பது மேலிருந்து கீழாக ஒரு கோடு. 'அ' என்பது இடம் வலமாகத் திரும்பி நிற்கும் ஆங்கில 'கே'. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் கூட்டல் குறியும் கோடும் போட்டு ஒருவருக்கொருவர் ரகசியக் கடிதம் எழுதத் தொடங்கிவிடுவார்கள். குயவர் வீட்டில் உடைந்த பானை கேட்டு வாங்கி, ஆளுக்கு ஓர் ஓடு கொடுத்து, ஆணியால் தன் பெயரைக் கீறச் சொல்லுங்கள். கீழடியில் கிடைத்த ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன்' என்று யாரோ தங்கள் பானையில் தங்கள் பெயரைக் கீறி வைத்திருக்கிறார்கள். சாப்பாட்டுத் தட்டில் பெயர் வெட்டிக்கொள்ளும் நம் வீட்டுப் பழக்கத்துக்கு அது எவ்வளவு நெருக்கம் என்று பிள்ளைகளே சொல்வார்கள். மேட்டிலும் ஏரிக்கரையிலும் கிடக்கும் பழைய ஓடுகளைப் பொறுக்கி வர மட்டும் விடாதீர்கள். ஜம்பையில் எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று யாராவது சாக்பீஸ் எடுத்துப் பாறையில் தேய்க்கப் போனால் கையைப் பிடித்துத் தடுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளங்கள் தாமே நிழல் காட்டும்.

சண்டை போட்ட இரண்டு பையன்களுக்கு வருகிறேன். அவர்களைத் திட்டாதது நல்லது. 'எங்கள் ஆள்' என்பது அவர்கள் வீட்டிலும் தெருவிலும் கேட்ட பேச்சு. ஒன்பது வயதில் அதைச் சந்தேகப்பட யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. தீர்ப்பு சொல்ல நீங்கள் இறங்கவும் வேண்டாம். இன்றைக்குப் பல சமூகத்தார் ராஜராஜனைத் தங்களவர் என்கிறார்கள். அவன் காலத்துக் கல்வெட்டுகளில் அவன் சோழன். இன்று நாம் விண்ணப்பப் படிவத்தில் எழுதும் சாதிப் பெயர் எதுவும் அவனுக்குச் சான்றோடு ஒட்டவில்லை. 'உன் அப்பா சொன்னது தவறு' என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். 'அப்பாவுக்கு எப்படித் தெரியுமாம் என்று கேட்டு வா' என்று சொல்லுங்கள். கயிற்றிலும் பாறையிலும் பழகிய அதே கேள்வி. அப்பா பள்ளிக்கே வந்துவிட்டால் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, பிள்ளைகள் கீறிய ஓடுகளைக் காட்டுங்கள். பெரும்பாலான அப்பாக்கள் அதைப் பார்த்ததும் குரலைத் தணித்துவிடுகிறார்கள்.

இதையும் அந்த இரு பையன்களுக்கும் சேர்த்துச் சொல்லுங்கள். ராஜராஜனின் தாய் வானவன் மாதேவி மலையமான் குலத்தில் பிறந்தவள். திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் அவன் காலத்துக் கல்வெட்டு அவளைப் பாடுகிறது. பாரியின் மகளைப் புலவர் கபிலர் மலையருக்கு, அதாவது மலையமான் குலத்தாருக்குக் கொடுத்துவிட்டுத் தீயில் புகுந்த செய்தியும் அங்கே கல்லில் இருக்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்றைப் பிள்ளைகள் பலமுறை பார்த்திருப்பார்கள். ஆக, ராஜராஜன் யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டால், அவன் அம்மா நம் ஊர்ப் பெண் என்று 34 பேரும் சேர்ந்து சொல்லலாம். சண்டைக்கு நடுவே இந்தச் செய்தி விழுந்தால் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

அதோடு நின்றுவிட்டால் பாதி உண்மைதான் சொன்னோம். பொற்காலம், பொற்காலம் என்று நாம் நடத்துவதில் எனக்கு நீண்ட காலமாக வருத்தம் உண்டு. உத்திரமேரூர்க் குடவோலையை எடுத்துக்கொள்ளுங்கள். 919, 921 ஆண்டுகளின் கல்வெட்டுகள், பராந்தக சோழன் காலம். 30 குடும்புகள் (ஊரின் பகுதிகள்), ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு இதை நடித்துக் காட்டுவது கொண்டாட்டமாக இருக்கும், அந்தச் சிறுவனாக இருக்க அடிதடியே நடக்கும். நடிக்கும் முன் எல்லாரையும் நிற்க வைத்துத் தகுதிகளைப் படியுங்கள். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் சொந்த நிலம் இல்லாதவர் உட்காரலாம். சொந்த மனையில் வீடு இல்லாதவர் உட்காரலாம். வேதம் கற்காதவர் உட்காரலாம். பெண்கள் எல்லாரும் உட்காரலாம். கணக்குக் காட்டாமல் ஏமாற்றியவரும் அவர் உறவினரும் நிற்கக் கூடாது என்ற நல்ல விதியையும் சொல்லுங்கள். கடைசியில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதற்குப் பிறகு, இன்றைய ஊராட்சித் தேர்தலில் யார் யார் நிற்கலாம் என்று கேளுங்கள். எது மாறியது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அலுவலரைப் பற்றி ஒரு வார்த்தை. வரிசை, கயிறு, ஓடு, பெரியவர்களிடம் எடுத்த பேட்டி எல்லாம் வகுப்புச் செயல்பாடுகளுக்கு மதிப்பெண் தரும் வளரறி மதிப்பீடு (அ) பகுதிக்குப் பொருந்துபவை. பாடக்குறிப்பில் கற்றல் விளைவைக் குறிப்பிட்டு, பிள்ளைகளின் தாள்களைத் தேதி போட்டுக் கோத்து வையுங்கள். வினா விடையும் இருக்கட்டும், தொகுத்தறித் தேர்வுக்கு அது வேண்டும். வினாவைப் பிள்ளைகளை எழுதச் சொன்னால் விடை தானாக மனத்தில் நிற்கும். நோட்டு காலியாக இல்லை என்றால் எந்த அலுவலரும் குறை சொல்ல மாட்டார்.

உங்களைத் தூங்கவிடாத அந்தப் பெண்ணை வேண்டுமென்றே கடைசியாக வைத்தேன். அவளுக்கு ஒரே பதில் போதாது என்று தோன்றியது.

பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் பெயர் மட்டும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். கோயிலை ஒட்டிய குடியிருப்பான தளிச்சேரியில் குடியேறிய நானூறு ஆடற்பெண்களின் பெயரும், அவர்கள் எந்தத் தெருவில் எத்தனையாம் வீட்டில் இருந்தார்கள் என்பதும் அங்கே வெட்டியிருக்கிறது. நாம் கதவிலக்கம் எழுதுவது போல. காதில் சொல்லி அனுப்பிய அந்த நூறு கலம் நெல் அவர்களுக்குக் கொடுத்ததுதான். மடைப்பள்ளிக்குப் பானை செய்த குயவர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர், தையல்காரர், விளக்கு ஏற்றியவர், நீர் தெளித்தவர் எல்லாருக்கும் பங்கு எழுதியிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருந்தது. மாடு பிடித்துப் போனவர்களோடு மோதி இறந்த வீரனின் பக்கத்திலேயே அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். திருடரைக் கடித்துக் காவல் நின்றது என்று எழுதியிருக்கிறார்கள். எத்தனையோ ராஜாக்களின் பெயர் மறந்துபோன நாட்டில் ஒரு நாயின் பெயர் 1400 ஆண்டுகளாக நிற்கிறது. இதைக் கேட்டால் அவள் சிரிப்பாள். முதலில் அவள் சிரிக்க வேண்டும்.

ஆனால் அவள் கேட்டது அது மட்டும் இல்லை, உங்களுக்கும் அது தெரியும். பெரிய கோயில் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களின் பட்டியலில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் வருகிறது. அவள் தெரு அந்தச் சுவரிலும் இருக்கிறது, அந்தப் பெயரோடு. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா என்று தயங்குவீர்கள். அந்தச் சொல்லை இப்போது வகுப்பில் வாசிக்க வேண்டாம். ஆனால் சிலர் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டார்கள் என்பதை மறைக்கவும் வேண்டாம். எந்தத் தெருவில் யார் போகலாம் என்று அவளுக்கு நம்மைவிட முன்பே யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடம் மட்டும் அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், அதில் ஏதோ நியாயம் இருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள். கயிற்றை எடுங்கள். மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயரோடு ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8. அந்த இடத்தில் அவளையே ஒரு முடிச்சுப் போடச் சொல்லுங்கள். ராஜராஜனின் முடிச்சிலிருந்து அது எவ்வளவு தூரம், நம் முடிச்சுக்கு எவ்வளவு பக்கம் என்று அவள் கை அளந்து பார்க்கட்டும்.

கடைசியாக ஒரு வேலை, இது உங்களுக்கு. பள்ளி அலமாரியில் பழைய சேர்க்கைப் பதிவேடு இருக்கும். தலைமை ஆசிரியரிடம் கேட்டு, தனியாக உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து பாருங்கள். அதில் சாதி எழுதும் பத்தி உண்டு, அதனால் வகுப்பில் வைத்துத் திறக்காதீர்கள். அந்தப் பெண்ணின் தெருவிலிருந்து உங்கள் பள்ளியில் முதன்முதலாகச் சேர்ந்த பெண் பிள்ளை யார், எந்த ஆண்டு, எத்தனையாம் வகுப்போடு நின்றாள் என்று தேடி எடுங்கள். ஒரு நாளில் கிடைக்காது, மை மங்கியிருக்கும், தாள் ஒடியும். விடாதீர்கள். பெயர் கிடைத்ததும் ஊரில் விசாரியுங்கள். அவர் உயிரோடு இருந்தால், நேரில் வீட்டுக்குப் போய் அழைத்து, ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் வகுப்புக்குக் கூட்டி வாருங்கள். உங்கள் நாற்காலியில் உட்கார வையுங்கள். பள்ளிக்கு வந்த முதல் நாள் என்ன நடந்தது, எங்கே உட்கார வைத்தார்கள், யார் பக்கத்தில் இருந்தார்கள், ஏன் நின்றுவிட்டீர்கள் என்று 34 பேரும் கேட்கட்டும். முதல் கேள்வியை மட்டும் அந்தப் பெண் கேட்கட்டும்.